சின்ன செட் போதும்

"யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத்தான் பாய் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இன்று நான் பேசிய முதல் வார்த்தை அது. மணி பதினொன்று. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்றுகூடக் கேட்காமல் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டார். பால்காரர் பாக்கெட்டை கேட் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிறார். மாடி வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் நான் வாசல் தெளிப்பதற்குள் வண்டி எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் குரல் பிசிறடிக்காமல் என்ன செய்யும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னேன், "எனக்குத்தான் பாய். வீட்டுக்குப் பின்னாடி வச்சு சின்னச் சின்ன வேலை பண்ண. ஏசி பைப்பு, ஃபிரிட்ஜ் காயிலு, அந்த மாதிரி." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகத்தை இல்லை, கையை. விரல் முட்டிகளில் பயறு பயறாக வெளுத்த தழும்புகள், பத்தொன்பது வருஷம் சுடர் தெறித்தவை. அதற்குமேல் அவர் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. அப்படி ஒருவர் எனக்கு இருந்ததும் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் அதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லலாம், யாரும் கேட்பதில்லை, எல்லோரும் அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் கடை. சுவரோரமாகச் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்கள், கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக ஆக்ஸிஜன், காய்ந்த ரத்த நிறத்தில் அசிட்டிலின். பாய் இரண்டு கேஸ் வெல்டிங் செட்டுகளை என் முன்னால் இழுத்து வைத்தார். "காப்பர் மட்டும்னா இந்தச் சின்னது போதும்மா. சின்ன ஆக்ஸிஜன் ஒண்ணு, சின்ன எல்பிஜி ஒண்ணு, ஃப்ரேமோட தூக்கிட்டே போகலாம். தகரம், இரும்பு ஒட்டணும்னா அசிட்டிலின்தான் சரி. அது தள்ளுவண்டியோட வரும். நிக்கவச்சேதான் வச்சிருக்கணும், படுக்கப் போடக் கூடாது." இதெல்லாம் எனக்குத் தெரியும். எரிகிற கேஸின் நட்டு இடது பக்கம் திருகினால்தான் இறுகும், ஆக்ஸிஜன் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது, எல்லாம் தெரியும். தெரியும் பாய் என்று சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். அதனால் புதிதாகக் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷன் என்னைப் பார்த்து இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று. பேசட்டும். சின்னதா பெரிதா என்பதை நான் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், சின்னது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பெரிது என்று தோன்றியது. ரெண்டு மாதமாக இப்படித்தான். திருமுல்லைவாயல் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடம், மேலே ஷீட்டு, மூன்று பக்கம் காற்று. அங்கே கிடந்த உடைந்த வாளி, பழைய பாய், வீட்டுக்காரம்மாவின் கட்டில் சட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கி, தரையைத் தேய்த்துக் கழுவி, ஒரு கடப்பாக்கல்லைக் கொண்டுவந்து மேஜை மாதிரிப் போட்டாயிற்று. கல்லின் மேல் ஒன்றுமில்லை. காலையில் எழுந்து அதைத் துடைக்கிறேன். சாயங்காலமும் துடைக்கிறேன். பழைய ஏசி மெக்கானிக் ஒருவர், முன்பு நான் பைப் ஒட்டின கம்பெனியில் என் ஒட்டு பார்த்தவர், நீங்க செட் போடுங்க மேடம், ஊர்ப்பட்ட பைப் வேலை நான் அனுப்புறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் காப்பர் வேலைதான். அப்படியானால் சின்னது. ஆனால் யாராவது ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால்? யார் வருவார்கள். எனக்கே ஏதாவது இரும்பில் செய்துகொள்ளத் தோன்றினால்? என்ன செய்துகொள்வேன், ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு புடவை காய, அதற்கு என்ன ஸ்டாண்டு வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்த்த சகாயம் பக்கத்தில் இருந்திருந்தால் பெருசையே வாங்கு வேணி, இரும்பு வேலை வந்தா திருப்பியா அனுப்புவே என்று சொல்லியிருப்பாள். சகாயம் எதிலும் பெரிதைத்தான் எடுப்பாள். மீனும் பெரிது, குடையும் பெரிது.

வந்துவிட்டாள். இங்கே அவளை நினைக்கக் கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். ரெகுலேட்டரைப் பார் கமலவேணி, முள்ளைப் பார், கண்ணாடியில் கீறல் இருக்கிறதா பார். பாய் சுடர் வருகிற டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். பித்தளை, கனமில்லை, முனையில் இரண்டாம் நம்பர் நாசில். விரல்கள் அவையாகவே போய் இரண்டு குமிழ்களையும் பிடித்துக்கொண்டன. நான் சொல்லவில்லை, அவையே போயின. மூன்று வருஷம் மாத்திரை கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்த விரல்கள். அது எப்படி, உடம்பு எதையும் மறக்கிறதில்லையா. அதற்கு முன்னால் ஏசி கம்பெனியில், எங்கள் லைனில் நாற்பது பேர், நாற்பது டார்ச், எல்லாம் பெண்கள். ஏசிக்குள் போகிற செம்புக் குழாய்களைச் சுடரில் காய்ச்சி ஒட்டுவதுதான் வேலை, பிரேசிங் என்பார்கள். ஒரு ஒட்டுக்குப் பதினோரு செகண்டு. குழாய் முதலில் கறுக்கும், அப்புறம் கருஞ்சிவப்பு, அப்புறம் செம்பருத்தி நிறம், அந்த நேரம் கம்பியை வைத்தால் அது சுற்றிலும் ஓடி இறுகும். அரை செகண்டு தாமதித்தால் குழாய் ஓட்டை. நாற்பது சுடரும் சேர்ந்து ஒரு சத்தம் போடும், நல்ல மழை தகரத்தில் விழுகிற மாதிரி. அதற்குள் பேசினால் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டோம். எனக்கு எதிர் டேபிள் சகாயமேரி. மணப்பாட்டுப் பக்கத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறியவள். கண்ணாடி மாட்டிய முகத்தில் உதடு மட்டும் அசையும், இன்னைக்கு என்ன குழம்பு. நான் உதட்டால் சொல்வேன், உன் தலை. கொரட்டூரில் ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். ஒரே நாளில் சிம் வாங்கினோம், அடுத்தடுத்த நம்பர், என்னுடையது எட்டில் முடியும், அவளுடையது ஒன்பதில். எட்டை நான் தூக்கிப் போட்டுவிட்டேன்.

"ஹோஸ் பாருங்கம்மா, ரெட்டு, புளூ, ஐஎஸ்ஐ," என்றார் பாய். கேஸ் போகிற ரப்பர் குழாய், கையில் வாங்கினேன். வாங்கியதும் நட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இப்படி வளைத்து, அப்படி வளைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரப்பரைப் பார்த்தேன். விரிசல் இருந்தால் வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். புது ஹோஸில் விரிசல் ஏது. இருந்தாலும் மறுமுனையையும் வளைத்தேன். மறுபடியும் முதல் முனை. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "புதுசும்மா" என்றார். தெரியும் பாய். தெரியும், தெரியும். கண்ணாடி பார்க்கலாமா, வெல்டிங் கண்ணாடி, அஞ்சாம் நம்பர் ஷேடு இருக்கா என்று கேட்டேன். அவர் எடுக்கத் திரும்பினார். என் கை நான்காவது தடவையாக அந்த நட்டுக்குக் கீழே வளைத்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாற்பது. அன்றைக்கு எங்கள் லைன் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. டீ பிரேக்குக்கு இருபது நிமிஷம். சகாயம் பாத்ரூம் போயிருந்தாள். அவள் டேபிளில் இருந்த, ஒட்டுக்கு முன் தடவுகிற ஃபிளக்ஸ் டப்பாவை எடுக்கப் போனவள் அவளுடைய சிவப்பு ஹோஸைப் பார்த்தேன், நட்டுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. வளைத்துப் பார்த்தேன். கோடு வாய் திறந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் லைன் நிற்கும், சூபர்வைசர் வருவார், மெயின்டெனன்ஸ் வரும், முக்கால் மணி நேரம் போகும், அன்றைக்கு டார்கெட் வேறு ஏற்றியிருந்தார்கள். டீக்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நினைப்பு அப்படி ஒரு ஓரமாகப் போனது, நான் அதைப் போகவிட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு என் டேபிளுக்கு வந்தேன். சகாயம் திரும்பி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதட்டால் கேட்டாள், என்ன பார்க்கே. ஒண்ணுமில்லை என்றேன் உதட்டால்.

ஒன்பது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிஷம். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒன்று. அவள் இடது மணிக்கட்டிலிருந்து சுடர் ஏறியது, ஏப்ரனின் விளிம்பைப் பிடித்தது, கழுத்துக்குப் போனது. நான்தான் ஓடினேன். நான்தான் வால்வை மூடினேன், நான்தான் ஈரச் சாக்கை எடுத்து அவளைச் சுற்றி அமுக்கினேன், ஏனென்றால் லைனில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியும். அதை எல்லோரும் சமயோசிதம் என்றார்கள். பாதுகாப்பு தினத்தில் மேடையில் ஏற்றி ஒரு சுவர்க் கடிகாரமும் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். கை தட்டினார்கள், முதல் வரிசையில் கழுத்துக் கட்டோடு உட்கார்ந்து சகாயமும் தட்டினாள், ஒரு கையால் தொடையில். இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி, எட்டு மாதம் வீடு. கழுத்து வளையாது, நான்தான் தலை வாரிவிட்டேன், நான்தான் கஞ்சி ஊட்டினேன், மருந்து தடவினேன். தடவும்போதெல்லாம் அவள் சொல்வாள், நீ மட்டும் இல்லாட்டி நான் அன்னைக்கே செத்திருப்பேன் வேணி. நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது சொல், இப்போது சொல். சீப்பை வைத்ததும் சொல்கிறேன். விளக்கை அணைத்ததும் சொல்கிறேன். அவள் கழுத்து ஆறியதும் சொல்கிறேன். ஆறியது. அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் அந்த லைனையே வேறு ஊருக்கு மாற்றி எங்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். அரக்கோணத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன். எனக்கு அக்கா இல்லை, அரக்கோணத்தில் இருப்பவள் பெரியம்மா மகள், அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருஷமும் இரண்டு மாதமும். திருமுல்லைவாயலிலிருந்து கொரட்டூர் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். கொரட்டூர் வரும்போது நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.

"இதோட ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் வேணும் பாய். ரெண்டு லைனுக்கும்." நான்தான் சொன்னேன், என் குரல்தான், கடையில் கொஞ்சம் உரக்கவே கேட்டது. சுடர் குழாய்க்குள் பின்னால் ஓடாமல் தடுக்கிற சின்னப் பித்தளைக் கட்டை அது. பாய் சிரித்தார். "வீட்டு வேலைக்கு அதெல்லாம் யாரும் போடுறதில்லைம்மா. சின்ன செட்டு. ஒரு பக்கம் வேணா போட்டுக்கங்க." ரெண்டு பக்கமும் வேணும் என்றேன். சரி சரி என்றார். "எங்க வேலை பாத்தீங்க?" கம்பெனி பேரைச் சொன்னேன். "பிரேசிங் லைனா? அங்க ஒரு பொண்ணுக்குத் தீப்பிடிச்சுதே, நாலு வருஷம் இருக்குமா?" ஆமாம் என்றேன். "அய்யோ பாவம். இன்னொரு பொண்ணு காப்பாத்துச்சாமே." நான் கண்ணாடியைக் கையில் எடுத்து எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது எலாஸ்டிக். ஆமாம் பாய், காப்பாத்துச்சு என்றேன். பொய்யில்லை. உண்மையை இவ்வளவு சுத்தமாகச் சொல்லி ஒளிய முடியும் என்பது எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. "நீங்க வேலை தெரிஞ்சவங்க," என்றார் அவர். "பின்னாடி டெமோ செட்டு மாட்டி வச்சிருக்கேன். பத்தவச்சுப் பாருங்க. கைக்குப் பிடிச்சாத்தான் வாங்கணும்." வேண்டாம் பாய் என்று சொல்ல வந்தேன். அவர் அதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பின்பக்கம் வெயில், சிமெண்டுத் தரை, எருக்கஞ்செடி ஒன்று. மாட்டி வைத்திருந்த செட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். சோப்புத் தண்ணி இருக்கா என்று கேட்டேன். அவர் ஒரு டப்பாவில் கலக்கிக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு நட்டிலும் தொட்டு வைத்தேன், நுரை குமிழ்விடுகிறதா என்று குனிந்து பார்த்தேன், விடவில்லை, மறுபடியும் தொட்டு வைத்தேன். "லீக் இல்லைக்கா," என்றார் பாய், நல்ல மாதிரியாகத்தான், அம்மா என்பது எப்போது அக்கா ஆனதென்று தெரியவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகினேன். இனி தள்ளிப்போட ஒன்றுமில்லை. கேஸ் குமிழைத் திறந்தேன், உஸ். மூக்கில் அந்த வாடை ஏறியதும் மூடினேன். திரும்பிப் பார்க்கவில்லை, பாய் என்ன நினைத்திருப்பார். மாத்திரை கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் பெட்டி மடிக்கலாமா, மடிக்க முடியாது, முழங்கால் தாங்கவில்லை, அங்கே நின்றுகொண்டேதான் வேலை, போன மாதத்தோடு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேறென்ன தெரியும் எனக்கு. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதைத் தொட முடியாதென்றால் அந்தக் கடப்பாக்கல்லைத் துடைத்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். மறுபடியும் திறந்தேன், உஸ், லைட்டரைப் பிடித்து உரசினேன், பொறி மட்டும் வந்தது, இன்னொரு தடவை உரசினேன், டப் என்று மஞ்சள் நாக்கு நீண்டது. உடம்பு பின்னால் சாய்ந்தது, கை சாயவில்லை. கை முன்னாலேயே நின்றது. இடது விரல் ஆக்ஸிஜன் குமிழைத் திருகியது, மஞ்சள் சுருங்கி நீலமானது, நீலத்துக்குள் இன்னொரு சின்ன நீலம், கூர்மையாக, அசையாமல். பாய் ஒரு துண்டு செம்புக் குழாயும் கம்பியும் எடுத்துக் கல்லில் வைத்தார். கறுப்பு, கருஞ்சிவப்பு, செம்பருத்தி. கம்பியை வைத்தேன். ஓடியது. குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஓடி இறுகியது. பதினோரு செகண்டு இருக்கும். குமிழ்களை மூடி டார்ச்சைக் கீழே வைத்தேன். ஒரே ஒரு சுடரின் சத்தம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. எதிரில் எருக்கஞ்செடிதான் இருந்தது. "மாஷா அல்லாஹ்," என்றார் பாய், குழாயை இடுக்கியால் தூக்கிப் பார்த்து. "இவ்ளோ சுத்தமா ஒட்டி நான் பாத்ததில்லை. எதைத் தரட்டும்?" சின்ன செட் போதும் பாய் என்றேன்.

மேஜைக்குத் திரும்பியதும் ஒரு ஃபாரம் எடுத்தார். பேர், வயசு, ஆதார், வீட்டு விலாசம், எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பேனா ஒரு கட்டத்தில் நின்றது. "தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரும் நம்பரும் சொல்லுங்கக்கா. சிலிண்டர் எங்களுது, உங்க வீட்டுல இருக்கப்போகுது. ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடணும்ல." ஏதாவது ஒண்ணுன்னா. யாரைக் கூப்பிடுவார்கள். மாடி வீட்டில் அவள் பேர் கீர்த்தனா, அவன் பேர் தெரியாது, நம்பரும் தெரியாது. வீட்டுக்காரம்மா பெங்களூரில் மகனோடு இருக்கிறாள், சிலிண்டர் என்று கேட்டாலே காலி பண்ணு என்பாள், கேட்டபோது பாத்திரக் கைப்பிடி ஒட்டுகிற சின்ன மெஷின் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அரக்கோணத்துப் பெரியம்மா மகள் போன வருஷம் தவறிவிட்டாள், நிஜமாகவே உடம்பு சரியில்லாமல். மாத்திரை கம்பெனியில் பக்கத்தில் நின்ற பெண் ஊருக்குப் போய்விட்டாள். ஏசி மெக்கானிக்? அவர் கார்டு வீட்டில் இருக்கிறது, அவருக்கு என்னைத் தெரியும் என்று சொல்ல முடியுமா, என் ஒட்டைத்தான் தெரியும். பாய் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "யாராவது போதும்க்கா. சொந்தக்காரங்க, ஃபிரெண்டு, யாரானாலும்." நாற்பத்தொன்பது வருஷத்தில் யாராவது ஒருவர். அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் நாசில்களை எண்ணி டப்பாவில் போட ஆரம்பித்தார், அந்த இரக்கம் தாங்கவில்லை எனக்கு. மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான் உண்டு, என் பழைய நம்பர், கடைசி எட்டுக்குப் பதில் ஒன்பது போட வேண்டும். அதை ஏன் சொன்னேன். ஃபாரத்தில் ஒரு கட்டம் நிரம்பட்டும் என்றுதானே சொன்னேன், எழுதி உள்ளே வைத்துவிடுவார்கள், யார் இதையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றுதானே. "சகாயமேரி," என்றேன். நம்பரைச் சொன்னேன். பாய் எழுதிக்கொண்டார், எழுதிய கையோடு போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு நாசில்களை எண்ணுவதைத் தொடர்ந்தார்.

மணி அடித்தது. நம்பர் மாறியிருக்கும். மூன்று வருஷத்தில் யாரும் மாற்றுவார்கள். இரண்டாவது மணி, மூன்றாவது. வேண்டாம் பாய் என்று சொல், கையை நீட்டி அந்தச் சிவப்பை அழுத்து. ஐந்தாவது மணியில் எடுத்தாள். "ஹலோ, யாருய்யா?" அதே குரல், பின்னால் குக்கர் சத்தம். பாய் கடை பேரைச் சொல்லி, "கமலவேணின்னு ஒருத்தங்க கேஸ் செட்டு எடுக்குறாங்க. உங்க நம்பரைக் கொடுத்திருக்காங்க. தெரியுங்களா?" என்றார். குக்கர் ஒரு விசில் விட்டது. பாய் லைன் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தார். "தெரியும்," என்றாள் சகாயம். "ஆள் எப்படிங்கம்மா, நம்பலாமா?" "நம்பலாம் அண்ணாச்சி. உசிரையே கொடுத்து நம்பலாம். என்னைக் காப்பாத்துனவ." பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பொண்ணு நீங்கதானா என்று அவர் வாய் திறந்ததை நான் உதட்டிலேயே படித்துவிட்டேன், அதற்குப் பழகின கண்தானே. சகாயம் பேசிக்கொண்டே இருந்தாள், "அண்ணாச்சி, அவ இப்ப எங்க இருக்கா? அட்ரஸ் எழுதியிருப்பீங்கள்ல, கொஞ்சம் சொல்லுங்க. அரக்கோணம் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தேன், அங்க யாருக்கும் தெரியலை." பாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "குடுக்கலாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அரக்கோணம் வரைக்கும். வளையாத கழுத்தோடு ரயிலேறி, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு. நான் இங்கே ரயிலில் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை விலக்கச் சொல்லி சைகை காட்டினேன்.

"சகாயம்," என்றேன். அந்தப் பக்கம் குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது. "சகாயம், அந்த ஹோஸ்ல விரிசல் இருந்ததை நான் முன்னாடியே பாத்துட்டேன். ஒம்பது நாப்பதுக்கு. நீ பாத்ரூம் போயிருந்தே. டீக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வளைச்சுக்கூடப் பாத்தேன். பாத்துட்டு வந்து உக்காந்துட்டேன்." எவ்வளவு சின்னதாக இருந்தது சொல்லி முடித்தபோது. ஐந்தாறு வாக்கியம். இதற்கா மூன்று வருஷம். பாய் நாசிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. அவள் இப்போது எங்கே நிற்கிறாள், அடுப்பங்கரையில்தான், அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில், கை தன்னாலே கழுத்துக்குப் போயிருக்கும். திட்டு சகாயம். வைத்துவிட்டாலும் வைத்துவிடு. ஒரு நிமிஷம் பத்து. ஒரு நிமிஷம் பதினெட்டு. மூக்கை உறிஞ்சினாள், இருமினாள்.

"எந்த ஸ்டாப்புல இறங்கணும்?" என்றாள். அது கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. உதட்டைப் பார்க்காமல் அவள் பேச்சு எனக்கு எப்போதுமே சரியாகப் பிடிபட்டதில்லை. "சொல்லு. பேனா எடுத்துட்டேன். மத்ததை நேர்ல வந்து கேட்டுக்கிடுதேன்."

"திருமுல்லைவாயல், தண்ணி டேங்க் ஸ்டாப்," என்றேன். "இறங்கி எதிர்த்த தெரு. புது நம்பர் பதினாலு, பழசு அறுபத்திரெண்டு."

"புதுசு என்ன சொன்னே? இரையுது, கேக்கலை."

"பதினாலு," என்றேன், கடைக்கு வெளியே கேட்கிற அளவுக்கு. "பதினாலு சகாயம். பதினாலு."